மொட்டைப் பனை – கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் இலங்கையின் வடக்கே பரந்தனில் வளர்ந்தவன். இப்போது லண்டனில் இருக்கிறேன். இங்கே வசந்தம் தொடங்கிவிட்டது. பக்கத்துப் பூங்காவில் ஒரு பழைய மரப்பொந்துக்காக ஸ்டார்லிங் குருவிகளும் பச்சைக்கிளிகளும் மூன்று நாட்களாகச் சண்டையிட்டன. கடைசியில் கிளிகள் பிடித்துவிட்டன. வந்தேறிக் கிளி ஊர்ப்பறவையின் வீட்டைப் பறிப்பதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை. கிளிகளை ஒழிக்க வேண்டும் என்று சிலர் சொல்வது சரிதானா? அங்கேயும் இப்போது வசந்தம்தானே? ஆடியில் ஊருக்கு வருகிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் ஒரு பொந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே ஏது வசந்தம்? மாரியும் கோடையும்தான். பரந்தனில் வளர்ந்தவர் அதை மறக்கலாமா? மாரி ஓய்ந்து வயல் அறுக்கும் மாசியில்தான் இங்கே பொந்துக்கு அடிபிடி.

ஒழிப்பதா வேண்டாமா என்பதை அந்த நாட்டுப் பறவையியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் 'வந்தேறி' என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? அந்தக் கிளிகளைக் கூண்டில் அடைத்துக் கொண்டுபோனார்கள். தப்பியவை பெருகின. அவை விரும்பிப் போகவில்லை. நீங்களும்தான்.

கிளி பெரும்பாலும் தானாகப் பொந்து குடைவதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்ததை, அல்லது உளுத்துப்போன ஓட்டையை, கடித்துப் பெரிதாக்கிக்கொள்ளும். பட்ட மரம் குறைந்த இடத்தில் சண்டை கூடத்தான் செய்யும்.

எங்கள் காணியில் 22 பனைகள் நின்றன. போர்க்காலத்தில் பங்கருக்கு, பதுங்குகுழிக்கு, மூடி போட நாங்களே பலவற்றைத் தறித்தோம். 2010-இல் திரும்பி வந்தபோது ஐந்துதான் மிச்சம். அவற்றில் நான்குக்கு வட்டு இல்லை; ஓலையும் குருத்தும் உள்ள அந்தத் தலையை ஷெல் கொண்டுபோய்விட்டது. பனைக்குக் குருத்து ஒன்றுதான். அது போனால் வேறு கிளைக்காது. ஐயா, என் அப்பா, அந்தப் பக்கம் பார்க்கமாட்டார். கிணற்றடிக்குக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார். தறித்துவிடு என்றார். கையில் காசில்லாமல் தள்ளிப்போனது.

இரண்டு வருடம் கழித்து ஒரு காலை, ஒரு பனையின் அடியில் இடித்த மாவைப் போலத் தூள் கிடந்தது. அண்ணாந்து பார்த்தோம். பொன்முதுகு மரங்கொத்தி ஒன்று வைரம் பாய்ந்த வெளிமரத்தைத் துளைத்து மெத்தென்ற உள்சோற்றிக்குள் தலையை விட்டு, வாய் நிறையத் தூளை அள்ளி வெளியே உதறிக்கொண்டிருந்தது. அடுத்த மாசியில் அந்தப் பொந்தில் கிளி. பொலித்தீன் துண்டைக் கவ்விக்கொண்டு மைனா வந்தது. கிளி தலையை மட்டும் வெளியே நீட்டி அதன் காலைக் கடித்தது. ஐயா கதிரையைத் தூக்கிவந்து பனைக்கு நேரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சாகும்வரை அதுதான் அவருடைய இடம்.

இப்போது யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலையோரக் காணிகளில் மொட்டைப் பனைகளை அலங்கோலம் என்று தறித்துவிட்டு, அதே இடத்தில் பனம்விதை நட்டுப் படம் எடுக்கிறார்கள். நடுங்கள், நல்லது. ஆனால் இன்று நட்டது காய்க்கவே 15, 20 வருடம் ஆகும். அது பட்டு, உளுத்து, பொந்தாவது எப்போது? அதுவரை அந்த மரங்கொத்தி எங்கே போகும்? நிற்கிற மொட்டைப் பனையை நிற்க விடுங்கள் என்று சொன்னால் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்க்கிறார்கள். சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

எங்கள் நான்கில் இரண்டு போன கச்சான் காற்றில் சரிந்துவிட்டன. மிச்சத்தில் ஒன்றில் கிளி. மற்றதில் இன்று காலை புதுத் தூள் கிடக்கிறது. மைனா மாமரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆடியில் வந்தால் குஞ்சுகள் பறந்திருக்கும். மாசியில் வாருங்கள். கதிரை அங்கேயே இருக்கிறது.