பொதுக் கோப்புறைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: கிளிநொச்சியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் அணித்தலைவராக இருக்கிறேன். நெல் கொள்வனவு, கடைப் பற்றுச்சீட்டு, சம்பளக் கணக்கு என்ற மூன்று செயலிகளும், நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் சேமித்து வைக்கும் ஒரே கிட் களஞ்சியத்தில் இருக்கின்றன. எல்லோருக்கும் தேவையான நிரல்களை ‘பொது’ என்ற கோப்புறையில் போட்டு வந்தோம். இப்போது அதில் எவர் கைவைத்தாலும் இன்னொருவருடையது உடைகிறது. போன கிழமை நெல் அணி நிறையை முழுக் கிலோவுக்கு மட்டந்தட்டும்படி மாற்றியது. கடைப் பற்றுச்சீட்டில் சதங்கள் காணாமல் போய்விட்டன. இப்படி நடந்தால் யாருக்கும் சொல்லாமல் இரவிலேயே நான் திருத்திவிடுவேன்; அம்மா சோற்றை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். களஞ்சியத்தை மூன்றாகப் பிரிக்கலாமா? வேறு நல்ல கருவி இருக்கிறதா?

பதில்: தம்பி, கருவி பிறகு. ‘யாருக்கும் சொல்லாமல்’ என்று எழுதியிருக்கிறீரே, அது என்ன பழக்கம்? சதங்கள் போனது நெல் அணிக்கு இன்றுவரை தெரியாது. தெரியாதவர்கள் அடுத்த கிழமையும் அதையே செய்வார்கள். நீர் அன்றிரவும் விழித்திருப்பீர். இதை நீர் கடமை என்று நினைக்கிறீர். இல்லை. மற்றவர் செய்யவேண்டியதைத் தெரியாமல் செய்து முடிப்பது அவர்களுடைய பொறுப்பைப் பறிப்பது. அதற்கு விலை கொடுப்பவர் சோற்றை மூடி வைக்கும் அம்மா. உழைக்கிற பிள்ளை பெற்றவளோடு இருந்து இரவுச் சோறு உண்ணவேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

களஞ்சியத்தைப் பிரித்தால் ஓர் அணி பொது நிரலின் பழைய பதிப்பிலும் இன்னோர் அணி புதிய பதிப்பிலும் நிற்கும். ஒரே பிழையை மூன்று தரம் திருத்துவீர். கூகிளின் ஒற்றைக் களஞ்சியத்தில் 2015 ஜனவரியில் ஏறத்தாழ 2 பில்லியன் வரி நிரல் இருந்ததாக அதன் பொறியியலாளர்கள் 2016இல் எழுதினார்கள். அங்கே கோப்புறைகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. அவர்கள் சம்மதமின்றி மாற்றம் ஏறாது. உமது இடத்தில் இல்லாதது அதுதான். இரணைமடுக் குளத்தின் கீழ் வாய்க்கால் துப்புரவை இன்ன துண்டு இன்னாருக்கு என்று கமக்காரர் அமைப்பு பிரித்துவிடாவிட்டால் கடைமடைக் காணிக்குத் தண்ணீர் போய்ச் சேருமா?

‘பொது’ என்ற பெயரையே எடுத்துவிடும். அது இருக்கும்வரை இடம் தெரியாத எல்லாம் அங்கேதான் வந்து விழும். பணம், நிறை, திகதி, குறுஞ்செய்தி என்று செய்யும் வேலையின் பெயரால் சிறு நூலகங்களாக்கும்; நூலகம் என்றால் செயலிகள் அழைத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. நிறையும் பணமும் ஒரே நிரலில் மட்டந்தட்டப்பட்டதே முதற் பிழை. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தன, அவ்வளவுதான். மாறவேண்டிய காரணமும் வேறு, மாற்றுகிற ஆட்களும் வேறு. ஒரே செயலி மட்டும் பயன்படுத்தும் நிரலை அந்தச் செயலியின் கோப்புறைக்கே திருப்பி அனுப்பும். இரண்டு இடத்தில் நாலு வரி ஒரே மாதிரி இருந்தால் குடி மூழ்கிவிடாது. செயலி நூலகத்தை அழைக்கலாம். நூலகம் செயலியை அழைக்கக் கூடாது.

பிறகு ஒவ்வொரு நூலகத்துக்கும் ஓர் அணியின் பெயரை எழுதும். களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப்பில் கோட்ஓனர்ஸ் (CODEOWNERS) என்ற கோப்பில் அதைப் போட்டால், மாற்றம் வரும்போது மீளாய்வுக் கோரிக்கை உரியவரிடம் தானாகவே போகும். அவருடைய ஒப்புதலைக் கட்டாயமாக்கவும் முடியும். நூலகத்தில் கைவைப்பவர் அதைப் பயன்படுத்தும் எல்லாச் செயலிகளின் சோதனைகளையும், அதாவது நிரல் சரியாக இயங்குகிறதா என்று தானாகப் பார்க்கும் நிரல்களையும், ஓட்டி, உடைவதை அதே மாற்றத்திலேயே சரிசெய்யவேண்டும். ஒரே களஞ்சியம் வைத்திருப்பதே அதற்காகத்தான். சதத்துக்குக் கடை அணி ஒரு சோதனை எழுதியிருந்தால் நெல் அணியின் மாற்றம் அன்றே தடுக்கப்பட்டிருக்கும். ஆகவே கடை அணிக்கும் இதில் பங்கு இருக்கிறது, அவர்களிடமும் சொல்லும்.

நாளை காலையே இரண்டு அணிகளையும் கூப்பிட்டு நடந்ததை மறைக்காமல் சொல்லும். நேரமில்லை என்று முதலாளி மறுக்கக்கூடும். நீர் இரவில் செய்த ஒவ்வொரு திருத்தமும் திகதியும் நேரமுமாகக் கிட் வரலாற்றில் பதிந்திருக்கிறது. அதை அச்செடுத்து அவர் மேசையில் வையும்.