நகையை அடகு வைத்துக் கடை போடலாமா? அதற்கு முன் அந்த அட்வான்ஸைப் பாருங்கள்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு சின்ன கிராமம் எங்களுடையது. கணவர் மெஷினில் மரம் கடையும் கடைசல் வேலை செய்கிறார். சொப்புச் சாமான், பூரிக்கட்டை, மத்து எல்லாம் செய்வார். நானும் மாமியாரும் மாங்காய்த் தொக்கு, நார்த்தங்காய் ஊறுகாய், தேன் நெல்லி போட்டு விற்கிறோம். அக்கம்பக்கத்துக் கடைகளிலும், நாத்தனார் மூலம் பெங்களூருவில் ஒரு அபார்ட்மென்ட்டிலும் வாங்குகிறார்கள். இரண்டு தொழிலும் சேர்ந்து மாதம் 42,000 ரூபாய் வரை விற்கிறது. ஆனால் மாசக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஒவ்வொரு சித்திரையிலும் பொம்மை எடுக்கும் மொத்த வியாபாரியிடம் 20,000 அட்வான்ஸ் வாங்கித்தான் சமாளிக்கிறோம். கணவரின் அண்ணன், "பாபநாசம் ரோட்டில் ஒரு கடை காலியாக இருக்கிறது. நகையை வைத்து 4 லட்சம் புரட்டினால் நீங்களே முதலாளி" என்கிறார். என்னிடம் 12 பவுன் இருக்கிறது. மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கடை போடலாமா? செலவு எழுதி வைத்த நோட்டுப் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.

— வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: இப்போதைக்குக் கடை வேண்டாம். 4 லட்சத்துக்கு நகையை வைக்கவும் வேண்டாம். ஆனால் நகையில் ஒரு சிறு பகுதிக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நோட்டுக்கு நன்றி. எனக்கு வரும் கடிதங்களில் பாதிக்கு மேல் "எவ்வளவு செலவாகிறது என்றே தெரியவில்லை" என்றுதான் இருக்கும். நீங்கள் கடுகு, வெந்தயம் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். ஒன்றை மட்டும் எங்குமே எழுதவில்லை: உங்கள் கூலி.

தொக்குக் கணக்கை எடுத்துக்கொள்வோம். கிளிமூக்கு மாங்காய் 10 கிலோ 400 ரூபாய், நல்லெண்ணெய் 2 லிட்டர் 720, மிளகாய்த்தூள் 260, உப்பு, பெருங்காயம், வெந்தயம் எல்லாமாக 120, கேஸ் 200. கால் கிலோ கண்ணாடி பாட்டில் 24-க்கு 384, லேபிள் 48. ஆக 2,132 ரூபாய். பாட்டிலுக்கு 89 ஆகிறது. 130-க்கு விற்கிறீர்கள், 41 ரூபாய் லாபம் என்று பக்கத்தில் வட்டம் போட்டிருக்கிறீர்கள். 24 பாட்டிலுக்கு 988 ரூபாய்.

இப்போது வேலையைப் பாருங்கள். மாங்காயைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நறுக்கி, அடுப்படியில் நின்று கிளறி, ஆறவிட்டு, பாட்டிலை வெந்நீரில் போட்டு எடுத்துக் காயவைத்து நிரப்புவதற்கு நீங்களும் மாமியாருமாக ஒன்றரை நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது மூன்று ஆள் நாள். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26-ல் நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். மூன்று நாளுக்கு 1,008. அடுப்படியில் வெந்ததற்கு 988. மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இருபது ரூபாய் கூடவே கிடைத்திருக்கும்.

அதுவும் 130 ரூபாய்க்கு நேரடியாக விற்றால்தான். ஊர்க் கடைகளுக்கு 100 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த பாட்டிலில் 11 ரூபாய்தான் மிச்சம். பத்தில் ஒன்று திரும்பி வந்தாலே அந்த மிச்சமும் போய்விடும். இன்னொன்று, கேஸுக்கு 200 என்று போட்டிருப்பது வீட்டுச் சிலிண்டர் கணக்கு. விற்பனைக்குச் சமைப்பதென்றால் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வைத்துக்கொள்ள வேண்டும். செலவு இன்னும் ஏறும்.

ஆகவே கடைகளுக்குத் தொக்கு போடுவதை நிறுத்திவிடுங்கள். மாங்காய்த் தொக்கை கம்பெனிக்காரன் பாக்கெட்டில் அடைத்துப் பாதி விலைக்குக் கொடுக்கிறான். அவனோடு விலையில் மல்லுக்கட்ட முடியாது. உங்கள் நோட்டிலேயே நார்த்தங்காயும் தேன் நெல்லியும் கடைக்குப் போகாமல் வீட்டு வாசலிலேயே விற்றுப்போகின்றன, திருப்பி வந்தது ஒன்றுகூட இல்லை. உப்பில் ஊறிய நார்த்தங்காய்க்கு எண்ணெய்ச் செலவும் கிடையாது, ஒரு வருஷம் கிடந்தாலும் ருசி கூடுமே தவிரக் குறையாது. அதைக் கூட்டுங்கள். தொக்கு கேட்டு வருபவர்களுக்கு மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு பாட்டில் 180-க்குப் போட்டுக் கொடுங்கள். ஐம்பது ரூபாய் ஏற்றினால் ஆள் வரமாட்டார்கள் என்று பயம் இருக்கும். சிலர் வராமல்தான் போவார்கள். 41 ரூபாய் லாபத்தில் விற்ற 24 பாட்டிலின் மிச்சம் 91 ரூபாய் வைத்து 11 பாட்டில் விற்றாலே வந்துவிடும், வேலையும் பாதியாகும்.

இனி பட்டறைக்கு வருகிறேன். மரவேலையில் "ஒரு சாமானுக்கு எவ்வளவு மிச்சம்" என்று பார்த்தால் தப்பான விடைதான் கிடைக்கும். கணவர் மெஷின் முன் நிற்கும் ஒரு நாளுக்கு எந்தச் சாமான் எவ்வளவு தருகிறது என்று பார்க்க வேண்டும். 18 உருப்படி கொண்ட சொப்பு செட் ஒன்றுக்கு மரம், அரக்கு, உப்புத்தாள், மின்சாரம், பெட்டி எல்லாம் சேர்த்து 130 ரூபாய். வியாபாரி எடுப்பது 260-க்கு. ஒரு நாளைக்கு மூன்று செட் கடைந்து அரக்கு ஏற்ற முடிகிறது. ஆக நாளுக்கு 390. பூரிக்கட்டையோ, பாத்திரக் கடைக்கு 80 ரூபாய்க்குப் போட்டால் 48 ரூபாய் நிற்கிறது. நாளுக்குப் பன்னிரண்டு, 576 ரூபாய். அரக்குக் குச்சியைச் சுழலும் கட்டையில் அழுத்தி, தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுகிற கைக்கு, வெறும் கட்டையை உருட்டுகிற கையைவிடக் குறைவாகக் கிடைக்கிறது. உங்கள் பக்கத்தில் தச்சு ஆசாரிக்கு நாள் சம்பளம் 900 என்று நீங்களே குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

ஏன் இப்படி? வேலையில் குறை இல்லை. அந்த அட்வான்ஸ்தான் காரணம்.

நடப்பது இதுதான். சித்திரை, வைகாசியில் மாங்காய் மலிவு, அதனால் வீட்டில் இருக்கும் பணமெல்லாம் மாங்காயிலும் எண்ணெயிலும் பாட்டிலிலும் போய் முடங்குகிறது. அந்தப் பணம் திரும்பி வர கார்த்திகை ஆகும். ஆனால் பட்டறைக்கு மரம் வாங்க வேண்டியதும் அதே நேரத்தில்தான். குற்றால சீசனுக்கும், அடுத்து வரும் நவராத்திரி கொலுவுக்கும் சாமான் தயாராக வேண்டும். கன்னியாகுமரி ரப்பர் மரமானாலும் வாங்கிக் காயப்போட்டு எடுத்தால்தான் கடைய முடியும், பச்சையாகக் கடைந்தால் வெடிக்கும். கையில் காசில்லை. வியாபாரி 20,000 கொடுக்கிறார், "வட்டி எல்லாம் வேண்டாம்மா" என்கிறார். நல்ல மனுஷன் என்று தோன்றும். அட்வான்ஸ் வாங்காத பக்கத்துப் பட்டறைக்காரருக்கு அதே செட்டுக்கு அவர் 310 ரூபாய் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு 260. மாதம் 40 செட்டுக்கு 2,000 ரூபாய் விட்டுக்கொடுக்கிறீர்கள். 20,000 ரூபாய்க்கு மாதம் 2,000 என்றால் அதற்குப் பெயர் பத்து வட்டி. ஆண்டுக்கு 120 சதவீதம். கந்துவட்டிக்காரர் வாசலில் வந்து நின்றிருந்தால் கதவைச் சாத்தியிருப்பீர்கள்.

நகைக்கு வேலை இருக்கிறது என்றேனே, அது இதற்குத்தான். ஒரே ஒரு செயினைக் கூட்டுறவு வங்கியிலோ, அரசு வங்கியிலோ வைத்து 20,000 எடுத்து அட்வான்ஸை இந்த மாதமே தீர்த்துவிடுங்கள். வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும், மாதம் 200 ரூபாய். விலை 310 ஆகிவிட்டால், கூடுதலாக வரும் 2,000-த்தை அப்படியே கடனில் கட்டினால் ஒரு வருஷத்துக்குள் செயின் கழுத்துக்கு வந்துவிடும். இடையிடையே அசலில் கட்டலாமா என்று கேட்டுக்கொண்டு வையுங்கள். சில கிளைகளில் வருஷக் கடைசியில் மொத்தமாகத்தான் கேட்பார்கள்.

அடுத்த சித்திரையில் மறுபடி வியாபாரியிடம் போய் நிற்காமலிருக்க, மாங்காய்ப் பணமும் மரப் பணமும் வேறு வேறாக இருக்க வேண்டும். இரண்டு வங்கிக் கணக்கு, இரண்டு ஜிபே ஸ்கேன் அட்டை. ஊறுகாய்க்கு வரும் காசு உங்கள் கணக்கில், பட்டறைக் காசு கணவர் கணக்கில். மரம் வாங்கும் பணத்தில் மாங்காய் வாங்கக் கூடாது. பருவத்துக்கு முடை வந்தால் மகளிர் சுய உதவிக் குழுவில் கேளுங்கள். ஊரக வாழ்வாதார இயக்கத்தில் 3 லட்சம் வரையிலான குழுக் கடனுக்கு வங்கி வட்டி 7 சதவீதம்தான். குழுவில் இல்லையென்றால் முதல் வேலையாகச் சேருங்கள். மாமியாருக்கும் ஊறுகாய்க் கணக்கிலிருந்து நாள் கூலி போகட்டும். வீட்டு ஆளுக்குச் சம்பளமா என்று அவரே சிரிக்கலாம், பரவாயில்லை.

கடைக்கு வருவோம். அண்ணன் போட்ட கணக்கில் முன்பணம் 1.5 லட்சம், அலமாரி, விளக்கு, போர்டு 1.2 லட்சம், சரக்கு 1.3 லட்சம். சரி. மாதம் வாடகை 8,000, மின்சாரம் 1,000, பத்தரை சதவீதத்தில் 4 லட்சத்துக்கு வட்டி 3,500. கடையில் யார் உட்காருவது என்பதை அவர் சொல்லவில்லை. கணவர் உட்கார்ந்தால் பட்டறை நிற்கும், நீங்கள் உட்கார்ந்தால் அடுப்பு அணையும். ஆள் வைத்தால் குறைந்தது 8,000. மொத்தம் 20,500. பொருள் செலவு போக நூற்றுக்கு ஐம்பது நிற்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், 41,000-க்கு விற்றால்தான் கடை தன் செலவையே ஈடுகட்டும். இன்று எல்லா வழியிலும் சேர்த்து நீங்கள் விற்பதே 42,000. அசலுக்கும் உங்கள் கூலிக்கும் இதில் ஒரு பைசா இல்லை.

பாபநாசத்துக்குக் கூட்டம் வரும், மறுக்கவில்லை. சனி ஞாயிறு, அமாவாசை, சபரிமலை சீசன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அந்த ரோட்டில் யார் சொப்பு வாங்குவார்கள்? வாடகை மட்டும் எல்லா நாளும் ஓடும். ஆசையிருந்தால் ஆடி அமாவாசையை ஒட்டி மூன்று நாள் தரைக்கடை போட்டுப் பாருங்கள். பொம்மையும் தேன் நெல்லியும் மட்டும் எடுத்துப் போங்கள், கண்ணாடி பாட்டில் ஊறுகாயை மலைக்குப் போகிறவர்கள் தூக்கமாட்டார்கள்.

கடைக்குப் பதில் நேரடி விற்பனையைக் கூட்டுங்கள். சொப்பு செட்டை வாட்ஸ்அப் வழியாக 450-க்கு விற்று, கூரியர் செலவை வாங்குபவரே கட்டினால், கெட்டியான அட்டைப்பெட்டிக்கு 20 ரூபாய் போனாலும் 300 நிற்கிறது. நாளுக்கு 900. ஆசாரி சம்பளம் வந்துவிட்டது. மாதம் பத்து செட் இப்படிப் போனாலே பெரிய மாற்றம். கொலுவுக்கு இரண்டு மாதம் முன்பே ஆர்டர் எடுங்கள். பூம்புகார் விற்பனை நிலையத்திலும், மகளிர் குழுக்களுக்கான மதி அங்காடியிலும் கேட்டுப்பாருங்கள். ஒரே இடத்தை நம்பாமலிருந்தால் விலை பேசத் தெம்பு வரும்.

ஆனால் நேரடியாக விற்கும் முன் மூன்று காகிதம் வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் குழந்தைகள் விளையாட்டுப் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர் தானே செய்து விற்கும் பொம்மைக்கு விலக்கு உண்டு. கணவரிடம் அந்த அடையாள அட்டை இல்லையென்றால் உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஊறுகாய்க்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு, உங்கள் அளவுக்குச் சாதாரணப் பதிவே போதும், ஆண்டுக்கு 100 ரூபாய்க் கட்டணம். அந்த 14 இலக்க எண், தயாரித்த தேதி, எடை, சேர்மானங்கள், விலை, பச்சைப் புள்ளி எல்லாம் லேபிளில் வர வேண்டும். மூன்றாவது, உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு. அது முழுக்க இலவசம். எடுத்துத் தர 2,000 கேட்கும் புரோக்கரை அப்படியே அனுப்பிவிடுங்கள்.

ஜிஎஸ்டி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பெங்களூரு என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்க ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநிலம் தாண்டினால் கதை வேறு, ஒரு பாட்டில் விற்றாலும் பதிவு வேண்டும். கைவினைப் பொருளுக்கு இதில் சலுகை இருக்கிறது. கடைசல், அரக்கு வேலைச் சாமான்கள் அந்தப் பட்டியலில் உண்டு. ஆண்டு விற்பனை 20 லட்சத்துக்குள் இருந்தால், பான் எண்ணும், சரக்கு அனுப்ப இணையத்தில் எடுக்கும் சீட்டான இ-வே பில்லும் வைத்துக்கொண்டு அனுப்பலாம். சரக்கு மதிப்பு எவ்வளவு சிறியதானாலும் இ-வே பில் போட வேண்டும். ஊறுகாய்க்கு இந்தச் சலுகை கிடையாது. மாதம் 30 பாட்டிலுக்காக ஜிஎஸ்டி எடுத்து, ரிட்டர்ன் போட ஆடிட்டருக்குக் கொடுத்தால் மிச்சம் எதுவும் இருக்காது. நாத்தனாரிடம் பொம்மை ஆர்டர் பிடிக்கச் சொல்லுங்கள், ஊறுகாய் சென்னைக்கும் கோவைக்கும் போகட்டும்.

அடுத்த நவராத்திரிக்குள் மாதம் இருபது செட் நேரடியாக விற்கும் நிலை வந்து, கை போதவில்லை என்றால், இரண்டாவது கடைசல் மெஷினுக்குக் கடன் வாங்கலாம். அதற்கும் நகை வேண்டாம். 2025-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது கடந்த கைவினைஞர்களுக்கு 3 லட்சம் வரை கடனும், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். மானியம் கூட வரும் என்பதற்காக 3 லட்சம் வாங்க வேண்டாம், மெஷின் விலைக்கு மட்டும் வாங்குங்கள்.

கடைசியாக, கடைசல் மெஷினில் கை வைத்து வேலை செய்கிறவருக்கு விபத்துக் காப்பீடு இல்லாமல் இருக்கக் கூடாது. வங்கியில் பிரதமர் சுரக்ஷா பீமா படிவம் கேளுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய், 2 லட்சம் வரை காப்பீடு. மகளுக்குக் கல்வி உதவி கிடைக்குமா என்று கைவினைத் தொழிலாளர் நல வாரியத்திலும் கேட்டுவிடுங்கள். பிளஸ் டூ போவதற்குள் பதிவு முடிந்திருந்தால் நல்லது.