இரண்டாவது மடல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பல்கலைக்கழகத்தில் மின்னியல், மின்னணுவியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா துவாஸில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறார். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான்தான். சிப் வடிவமைப்புக்குப் போவதா, சிப்புகளை உற்பத்தி செய்யும் வேஃபர் ஆலை வேலைக்குப் போவதா என்று கேட்க வீட்டில் யாரும் இல்லை. வேலைத் தொடர்புகளுக்கான லிங்க்ட்இன் தளத்தில் ஒரே இரவில் 40 பேருக்கு “எனக்கு வழிகாட்டியாக இருப்பீர்களா?” என்று எழுதினேன். இரண்டு பேர் கட்டைவிரல் குறி மட்டும் போட்டார்கள். ஆள் தெரிந்தவர்களுக்குத்தான் இதெல்லாம் நடக்குமா?

வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள வாசகிக்கு,

ஆள் தெரியாததால் பதில் வராமல் போகவில்லை. நீங்கள் கேட்டது பெரிய பொறுப்பு. எத்தனை மாதம், எவ்வளவு நேரம், எதற்காக என்று எதுவும் தெரியாமல் ஒருவர் அதற்கு எப்படிச் சம்மதிப்பார்? மறுக்கவும் மனம் வராது. செய்தியை மூடிவைத்துவிடுவார். ‘வழிகாட்டி’ என்ற சொல்லை முதல் செய்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். 20 நிமிடம் கேளுங்கள், ஒரே ஒரு கேள்வியோடு.

அந்தக் கேள்வி உங்கள் கடிதத்திலேயே பாதி இருக்கிறது. அதை இன்னும் குறுக்கினால் இப்படி வரும்: “உங்கள் துறையிலேயே இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நீங்கள் ஆலையில் பிராசஸ் இன்ஜினியராகச் சேர்ந்து, பிறகு வடிவமைப்புக்கு மாறியதைப் பார்த்தேன். அடுத்த பருவத்துக்கு அனலாக் சர்க்யூட் பாடமா, செமிகண்டக்டர் டிவைஸ் பாடமா என்று நான் முடிவுசெய்ய வேண்டும். இது பற்றி 20 நிமிடம் பேச முடியுமா? செவ்வாய், வியாழன் மாலை 6 மணிக்கு மேல் எனக்குத் தோதுப்படும். ஸூமில் பேசினாலும் சரி.” அவருடைய பக்கத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள், உங்களுக்கு ஒரு கெடு இருக்கிறது, அவர் நாள்காட்டியைப் பார்த்துச் சரி என்றால் போதும். பதில் எழுத அவருக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் அழைப்போடு சேர்க்கும் குறிப்பு மிகச் சிறியது, மாதத்துக்குச் சிலவற்றைத்தான் அனுப்பவும் விடுவார்கள். ஆகவே அதில் இரண்டு வரி மட்டும் எழுதுங்கள். அவர் ஏற்றுக்கொண்ட பிறகு முழுச் செய்தி.

யாருக்கு எழுதுவது என்பதிலும் ஒரு பிசகு நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். பெரிய பதவிக்காரர்களாகத் தேடியிருப்பீர்கள். இயக்குநர்கள் இரண்டாம் ஆண்டுப் பாடத்தேர்வை மறந்து வெகுகாலம் ஆகியிருக்கும். உங்களுக்கு வேண்டியவர்கள் படிப்பு முடித்து 3 முதல் 5 ஆண்டு ஆனவர்கள். நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்பது அவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும். லிங்க்ட்இன்னில் உங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தைத் திறந்து முன்னாள் மாணவர்களைக் காட்டும் ‘அலம்னை’ பகுதிக்குப் போங்கள். சிங்கப்பூரைத் தேர்ந்தெடுத்து, படித்த ஆண்டுகளைக் குறுக்கி, வேலையின் பெயரைத் தட்டுங்கள். 15 பேர் கொண்ட பட்டியல் போதும்: பத்துப் பேர் இளையவர்கள், மூவர் பத்தாண்டு அனுபவம் உள்ளவர்கள், இருவர் தொழிலிலிருந்து வந்து பாடம் நடத்தும் பகுதிநேர விரிவுரையாளர்கள். வாரத்துக்கு மூன்று பேருக்கு மேல் எழுத வேண்டாம். மூவரிடமும் பதில் இல்லையென்றால் அடுத்த வாரம் செய்தியைத் திருத்தலாம். 40 பேருக்கும் ஒரே இரவில் அனுப்பியபோது அந்த வாய்ப்பு போய்விட்டது. பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல், அதற்கு மேல் வேண்டாம். கணக்காய்வில் இருப்பவர்களைத் தேடும் மாணவர்கள் ஜனவரி முதல் மார்ச் வரை எழுதாமல் இருப்பது நல்லது. அது அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலம்.

விளிக்கும் விதத்தையும் சொல்லிவிடுகிறேன், நம் பிள்ளைகள் பலர் இதில் தடுமாறுகிறார்கள். தமிழர் என்று தெரிந்ததும் ‘அங்கிள்’, ‘ஆன்ட்டி’ வேண்டாம். முதல் மடலில் மிஸ்டர் அல்லது மிஸ் போட்டுப் பெயர். அவர் பதிலில் எந்தப் பெயரில் கையெழுத்திடுகிறாரோ, அடுத்த மடலிலிருந்து அதுவே. சிங்கப்பூர் அலுவலகங்களில் அதை மரியாதைக்குறைவாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சந்திப்புக்கு ஐந்து கேள்வி எழுதிச் செல்லுங்கள், மூன்றைத்தான் கேட்க முடியும். வேலை கேட்காதீர்கள், ரெஸ்யூமேயை நீட்டாதீர்கள். இணையத்தில் கிடைக்காததைக் கேளுங்கள். ஆலை 24 மணி நேரமும் ஓடுவது. இரவு ஷிஃப்டும் விடுமுறை நாள் அழைப்பும் யாருக்கு வரும், யாருக்கு வராது? புள்ளியியல் எவ்வளவு தேவைப்படுகிறது? வடிவமைப்புக்கு ஆள் எடுக்கும்போது சிப் வடிவமைப்புக்கான கணினிமொழி வெரிலாக் தெரிந்தால் போதுமா, முதுகலையும் எதிர்பார்க்கிறார்களா? 20 நிமிடம் ஆனதும் நீங்களே “நேரமாகிவிட்டது” என்று சொல்லுங்கள். அவர் விரும்பினால் நீட்டுவார். கிளம்பும்போது, “இதைப் பற்றி வேறு யாரிடம் பேசலாம்? உங்கள் பெயரைச் சொல்லலாமா?” என்று கேளுங்கள். ‘ஆள் தெரிந்தவர்’ ஆவது இப்படித்தான். கோப்பிக்கு நீங்கள் பணம் எடுங்கள். அவர் தடுத்தால் மல்லுக்கட்ட வேண்டாம்.

அன்றைக்கே நான்கு வரியில் நன்றி. இதைப் பலரும் செய்கிறார்கள். மிகச் சிலரே செய்வது இரண்டாவது மடல். மூன்று நான்கு வாரம் கழித்து எழுதுங்கள்: “நீங்கள் சொன்னபடி டிவைஸ் பாடத்தை எடுத்தேன். பாடம் கடினம், ஆனால் பிடித்திருக்கிறது. நீங்கள் சொன்ன இன்னொருவரிடமும் பேசினேன்.” தான் சொன்ன சொல் ஒருவருக்குப் பயன்பட்டதை அப்போதுதான் அவர் அறிகிறார். அடுத்த கேள்வியை நீங்கள் கேட்கும்போது பதில் தானாக வரும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி எழுதி வந்தால், கேட்காமலேயே அவர் உங்கள் வழிகாட்டியாகியிருப்பார். பயிற்சி வேலைக்குச் சிபாரிசு கேட்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமைப்புகள் வழியாகவும் போகலாம். உங்கள் பல்கலைக்கழகத்தின் வேலைவழிகாட்டி நிலையம், 1991இல் தொடங்கிய சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்), தேசிய இளையர் மன்றம் ஆகியவற்றில் விசாரியுங்கள். 1966இல் அமைந்த சிங்கப்பூர்ப் பொறியாளர் கழகத்தில் மாணவ உறுப்பினராகச் சேரலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் தங்கள் கல்லூரியின் கல்வி, வாழ்க்கைத்தொழில் ஆலோசகரிடம் தொடங்கலாம். வழிகாட்டித் திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தில் “தொழில்துறையைப் பற்றி அறிய ஆவல்” என்று எழுதினால் யாரையாவது உங்களோடு சேர்த்துவிடுவார்கள், வங்கிக்காரரிடம் போய் உட்காருவீர்கள். மேலே சொன்ன பாடக் கேள்வியையே அங்கும் எழுதுங்கள். சேர்த்துவிட்ட பிறகு அவர் அழைப்பார் என்று காத்திருக்காமல், முதல் தேதியை நீங்களே கேளுங்கள். பல இணைப்புகள் இரு தரப்பும் காத்திருந்தே முடிந்துபோகின்றன.

‘வழிகாட்டல்’ என்ற பெயரில் காப்புறுதி முகவர் வேலைக்கு ஆள் சேர்ப்பவர்களும் வளாகத்துக்கு வருவார்கள். முதல் சந்திப்பிலேயே வருமானக் கணக்கு காட்டினாலோ, கட்டணம் கேட்டாலோ, அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் விவரம் கேட்டாலோ எழுந்து வந்துவிடுங்கள். முதல் சந்திப்பு பொது இடத்திலோ காணொளியிலோ இருக்கட்டும்.

கட்டைவிரல் குறி போட்ட அந்த இருவரை விட்டுவிடாதீர்கள். அவர்கள் உங்கள் செய்தியைப் படித்திருக்கிறார்கள். அவர்களின் பக்கத்தை மறுபடி பாருங்கள். இந்தத் துறையில் இருப்பவர்கள் என்றால் பட்டியலின் முதல் இரண்டு பெயர்கள் அவையே. “சென்ற முறை தெளிவில்லாமல் கேட்டுவிட்டேன், இப்போது ஒரு கேள்வி மட்டும்” என்று தொடங்கி, பருவ இடைவிடுமுறை வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். தேர்வு நெருங்கினால் உங்களுக்கே நேரம் இருக்காது.