கருவாட்டுக்கு யார் மெயில் படிப்பார்கள்?

அன்புள்ள அக்கா,

காசிமேட்டில் அம்மாவுக்குக் கருவாட்டுக் கடை. இரண்டு வருடமாக நான் அதை இணையத்தில் விற்கிறேன். வீடியோ போடுவேன், பார்த்தவர்கள் மெசேஜில் ஆர்டர் சொல்வார்கள். போன மாதம் அந்தக் கணக்கு பதினோரு நாள் முடங்கிவிட்டது. முகவரி, போன் நம்பர் எல்லாம் அந்த மெசேஜ்களுக்குள்ளேயே மாட்டிக்கொண்டன. ஈமெயில் பட்டியல் ஒன்று சேர்த்து வை என்கிறாள் தோழி. தெரிந்தவர் ஒருவர், “சென்னை மெயில் ஐடி இருபதாயிரம் இருக்கிறது, 2,500 ரூபாய்க்குத் தருகிறேன்” என்கிறார். வாங்கலாமா? கருவாட்டுக்கு யார் மெயில் படிப்பார்கள் என்று அம்மா சிரிக்கிறார்.

ஒரு வாசகி, காசிமேடு

அன்புள்ள தங்கைக்கு,

வாங்காதீர்கள். அந்த 2,500 ரூபாய்க்கு நல்ல பேக்கிங் கவர் வாங்குங்கள்.

அந்த இருபதாயிரம் பேரில் ஒருவர்கூட உங்களிடம் கருவாடு கேட்டவர் இல்லை. எத்தனை பேர் சைவம் என்பது விற்பவருக்கே தெரியாது. முன்பின் தெரியாத கடையிலிருந்து மெயில் வந்தால் ‘ஸ்பேம்’ பட்டனைத்தான் அழுத்துவார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விஷயத்தில் கறாராகிவிட்டன. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்கிறது கூகுள். அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர். உங்கள் இருபதாயிரத்துக்கு அறுபது பேர். அறுபது பேர் முகம் சுளித்தால் போதும், அப்புறம் உங்களிடம் நிஜமாகவே வாங்குகிறவருக்கு அனுப்பும் மெயிலும் ஸ்பேமில் போய் விழ ஆரம்பிக்கும். சட்டமும் இருக்கிறது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவர் ஒப்புதல் தருவது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். காசுக்கு வாங்கிய பட்டியலில் ஒப்புதல் எங்கிருந்து வரும்?

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவள். எங்கள் தெருவுக்கு மீன்கூடையோடு ஓர் ஆயா வருவார். எந்த வீட்டில் செவ்வாய், வெள்ளி கவிச்சி ஆகாது, எந்த வீட்டில் சங்கரா மட்டும்தான் எடுப்பார்கள், யார் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. கார்த்திகை பிறந்தால் எங்கள் வாசலில் கூடையை இறக்கவே மாட்டார். அப்பா மாலை போட்டிருப்பார். “என்னா கண்ணு, நல்லாக்கீறியா?” என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டிவிடுவார். அப்பா மலைக்குப் போய் வந்த மறுவாரம், யாரும் சொல்லாமலே, கூடை எங்கள் திண்ணையில் இருக்கும்.

நீங்கள் சேர்க்க வேண்டியது அந்த ஆயாவின் தலைக்குள் இருந்த பட்டியலை. பெயர், மெயில், அதோடு ஒரே ஒரு கேள்வி: “புரட்டாசியில் மெயில் அனுப்பலாமா, வேண்டாமா?” வேண்டாம் என்றவருக்கு அந்த மாதம் முழுக்க ஒன்றும் போகக்கூடாது. பத்துக் கேள்வி கேட்டீர்கள் என்றால் பாதியில் மூடிவிட்டுப் போய்விடுவார்கள்.

எங்கே கேட்பது? பார்சலில். வீடியோ பார்ப்பவர் வேடிக்கை பார்ப்பவர், பார்சலைப் பிரிப்பவர் காசு கொடுத்தவர். கையகலச் சீட்டில் ஒரு கியூஆர் கோடு, கீழே ஒரு வரி: “நெத்திலிக் கருவாட்டில் மண் போக அலசுவது எப்படி? அம்மா சொல்வதை மெயிலில் அனுப்புகிறோம்.” சீட்டைக் கவருக்கு வெளியே ஒட்டுங்கள், உள்ளே போட்டால் நாற்றத்தில் யாரும் தொட மாட்டார்கள். பதிவு செய்தவருக்கு ‘நீங்கள்தானா’ என்று உறுதிசெய்யும் ஒரு லிங்க் போகட்டும். தப்பாக அடித்த ஐடிகள் அங்கேயே கழிந்துவிடும். அடுத்த மெயிலிலேயே சொன்னதை அனுப்பிவிடுங்கள்: தலையைக் கிள்ளி, சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, அடியில் மண் தங்காமல் போகும்வரை நாலைந்து தண்ணீர் மாற்றி அலசுவது. அம்மா சொல்வதை அப்படியே எழுதுங்கள், இலக்கணம் பார்க்க வேண்டாம்.

என் கூத்து ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் நைட்டி மொத்தமாக எடுத்து இணையத்தில் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், தீபாவளிக்கு 340 பேருக்குச் சொந்த ஜிமெயிலிலிருந்து ஒரே மெயில் அனுப்பினேன். எல்லா ஐடியையும் ‘சிசி’யில் போட்டுவிட்டேன். அத்தனை பேர் ஐடியும் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர் ‘ரிப்ளை ஆல்’ போட்டு, “போன தடவை சாயம் போச்சே, அதுக்கு என்ன பதில்?” என்று கேட்டார். அதற்குக் கீழே இன்னும் ஏழு பேர். அந்த வருடத் தீபாவளி எனக்கு அதோடு முடிந்தது. ஆகவே இதற்கென்று இருக்கும் சேவை ஒன்றில் சேருங்கள், சின்னப் பட்டியலுக்கு இலவசமாகவே கிடைக்கும். சொந்த டொமைனிலிருந்து, அதாவது உங்கள் கடைப் பெயரிலேயே வாங்கிய இணைய முகவரியிலிருந்து அனுப்புங்கள். மெயில் நிஜமாகவே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட, எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று செட்டிங் கேட்பார்கள். தெரிந்த பையன் ஒருவனை உட்காரவைத்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். விலகுவதற்கான பட்டன் கண்ணில் படும்படி இருக்கட்டும்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கை நம்பாதீர்கள். 2021இல் ஆப்பிள் கொண்டுவந்த ஒரு வசதியால், திறக்காத மெயிலும் திறந்ததாகக் காட்டும். எத்தனை பேர் வாங்கினார்கள் என்று பாருங்கள், போதும்.

அம்மா சிரித்ததில் பாதி நியாயம். நம் ஊரில் பலர் மெயிலை பில்லுக்கும் ஓடிபிக்கும்தான் திறக்கிறார்கள். வாட்ஸ்அப்பையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் அதில் ஒரு பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது, உங்கள் நம்பரை சேமித்து வைத்தவருக்குத்தான் போய்ச் சேரும். மெயில் பட்டியலை ஒரு ஃபைலாக இறக்கி பீரோவில்கூட வைத்துக்கொள்ளலாம். 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தபோது, அதை மட்டும் நம்பி விற்றவர்கள் கையில் அப்படி ஒரு ஃபைல் இல்லை. உங்கள் பதினோரு நாளும் அதே கதைதான்.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை, விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் விலை ஏறும், கருவாட்டைத் தேடுவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் முதல் மெயில் போய்விடட்டும். இருபது பேர் சேர்ந்திருந்தாலும் சரி, அனுப்புங்கள். இருபத்தொன்றாவது நான்: நெத்திலி கால் கிலோ. புரட்டாசியிலும் எனக்கு அனுப்பலாம், கார்த்திகையில் மட்டும் வேண்டாம்.