அந்தப் பத்து நிமிடத்தை ஏன் ஓட்டினீர்கள்?

கேள்வி: நீங்கள் அடிக்கடி புகழ்கிறீர்களே என்று இயக்குநர் செர்ஜியோ லியோனியின் கௌபாய் படம் ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ பார்த்தேன். ரயில் நிலையத்தில் ஒன்றுமே நடக்காத முதல் பத்து நிமிடத்தை ஓட்டிவிட்டுத்தான் பார்க்க முடிந்தது. கடைசியில் வழக்கமான பழிவாங்கும் கதைதானே, அப்படி என்ன இருக்கிறது இதில்? (வாசகர், திருச்சி)

பதில்: ‘ஓட்டிவிட்டு’ என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! கதை கிடக்கட்டும், முதலில் இதைப் பேசுவோம்.

ஒன்றுமே நடக்கவில்லையா? மூன்று துப்பாக்கிக்காரர்கள் ஒருவனைக் கொல்ல ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். எண்ணெய் காணாத காற்றாலை கிறீச்சிடுகிறது. மூவரில் ஒருவரான ஊடி ஸ்ட்ரோடின் மொட்டைத் தலையில் மேலிருந்து தண்ணீர் சொட்டுகிறது; அவர் நகரவில்லை, தொப்பியை எடுத்துப் போட்டுக்கொள்கிறார், பிறகு தொப்பி விளிம்பில் தேங்கிய தண்ணீரைக் குடிக்கிறார். இன்னொருவரான ஜாக் ஈலமின் தாடியில் ஓர் ஈ. ஊதி ஊதிப் பார்த்து, கடைசியில் அதைத் துப்பாக்கிக் குழாய்க்குள் பிடித்து அடைத்து, காதில் வைத்துக் கேட்கிறார். பின்னணி இசை என்று ஒரு துளிகூடக் கிடையாது. இத்தனைக்கும் இசையமைப்பாளர் என்னியோ மோரிகோன்! முக்கியமான மெட்டுகளைப் படப்பிடிப்புக்கு முன்பே அவரிடம் வாங்கி, தளத்தில் ஒலிக்கவிட்டு நடிகர்களை நடக்க வைத்தவர் லியோனி. அவ்வளவு இசையைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க எத்தனை துணிச்சல் வேண்டும்! ஹீரோ கார் கதவைத் திறந்தாலே நாற்பது டிரம்மை அடிக்கும் இன்றைய ஆட்களிடம் இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறுவதில்லை, நானும் விடுவதாக இல்லை. அந்த அமைதியில் காது தீட்டப்பட்டிருந்தால்தான், ரயில் போனபிறகு மறுபுறத்திலிருந்து வரும் மவுத் ஆர்கன் நெஞ்சில் இறங்கும்.

சரி, பழிவாங்கலுக்கு வருவோம். அந்த மவுத் ஆர்கனோடு வரும் நாயகன் சார்லஸ் பிரான்சனுக்கு, வில்லன் ஃபிராங்கைக் கொல்ல முன்பே வாய்ப்பு வருகிறது, கொல்லவில்லை. அதுமட்டுமா, மற்றவர்கள் ஃபிராங்கைத் தீர்த்துக்கட்ட வரும்போது காப்பாற்றவும் செய்கிறார். ‘யார் நீ?’ என்று ஃபிராங்க் கேட்கும் போதெல்லாம், அவன் கொன்றவர்களின் பெயர்களைச் சொல்கிறார். செய்ததை மறந்துபோனவனைச் சுட்டு என்ன பயன்? அவனுக்கு ஞாபகம் வரவேண்டும், அதுதான் கணக்கு. மங்கலாக ஓர் உருவம் நடந்துவருவதை இடையிடையே காட்டிக்கொண்டே போய், கடைசிச் சண்டையில்தான் முகத்தைத் தெளிவாக்குகிறார் லியோனி: கழுத்தில் சுருக்கோடு அண்ணன், அவனைத் தோளில் தாங்கி நிற்கும் சிறுவன், அந்தச் சிறுவன் வாயில் மவுத் ஆர்கனைத் திணிக்கும் ஃபிராங்க். இதை வழக்கமான கதை என்கிறீர்களே, எனக்கு மனசே ஆறவில்லை.

அந்த ஃபிராங்க் யார்? ஹென்றி ஃபோண்டா! 1939இல் இளம் லிங்கனாக நடித்தவர், அமெரிக்கர்களுக்கு நேர்மையின் முகம். பழுப்பு லென்ஸும் மீசையுமாக வந்து நின்றவரிடம் இரண்டையும் எடுக்கச் சொன்னார் லியோனி. ஒரு சிறுவனைச் சுடப்போகிறவனுக்கு அந்த நீலக் கண்களே இருக்கவேண்டும் என்பது அவர் பிடிவாதம். வில்லனுக்கு முகத்தில் தழும்பு ஒட்டும் ஒப்பனைக்காரர்கள் இந்தக் காட்சியைத் தினம் ஒருமுறை பார்க்கலாம்.

உங்களுக்கு முன்பே இந்தப் படத்தை ஓட்டியவர்கள் உண்டு. 1969இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஏறக்குறைய 20 நிமிடத்தை வெட்டினார்கள். ஜேசன் ராபார்ட்ஸ் நடித்த கொள்ளைக்காரன் ஷயானின் சாவே போய்விட்டது. அந்த மனிதருக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாமல் ஜனம் வீட்டுக்குப் போனது. படமும் அங்கே எடுபடவில்லை. முழுசாகக் காட்டிய பிரான்சில் கொண்டாடினார்கள். வெட்டுகிறவர்கள் மேல் எனக்குள்ள கோபம் இன்று நேற்றையதல்ல.

மறுபடி பாருங்கள், ரிமோட்டை அடுத்த அறையில் வைத்துவிட்டு. முழுப்படம் சுமார் 165 நிமிடம். உங்களிடம் இருப்பது 145 என்று காட்டினால் அது வெட்டுப்பட்ட பிரதி, வேறு தேடுங்கள்.