அக்கா பதில்கள்: புது ஊரில் சிநேகிதம் எப்படிப் பிடிப்பது?

கேள்வி: அக்கா, எனக்கு 19 வயது. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அடுத்த மாதம் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்கிறேன், செந்தூலில் அறை பார்த்தாயிற்று. மூன்று மாதமாகக் கைப்பேசியில் ‘தி சிம்ஸ் ஃப்ரீபிளே’ விளையாடுகிறேன். அதில் ஓர் ஊரையே கட்டி, 14 பேரைக் குடிவைத்து, எல்லாரையும் ஒருவரோடு ஒருவர் பழக வைத்துவிட்டேன். ஆனால் நிஜத்தில் நான் யாரையும் புதிதாகச் சிநேகிதம் பிடித்ததே இல்லை. எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் நான் பிறக்கும்போதே பக்கத்து வீட்டில் இருந்தவர்கள். இந்த விளையாட்டு எனக்கு ஒரு பயிற்சியாக இருக்குமா, இல்லை அம்மா திட்டுவதுபோல் வெட்டி வேலையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: தங்கச்சி, அம்மா திட்டுகிற விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். யாரையும் புதிதாகச் சிநேகிதம் பிடித்ததில்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். நானும் அந்தப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைதான், 22 வயதில் ரயில் ஏறியபோது எனக்கும் அது தெரியாது. தோட்டத்தில் யாரும் சிநேகிதம் பிடிக்கப் போவதில்லை, அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் காலத்தில் அம்மாக்கள் விடியும் முன்னே பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது எங்களை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள், அப்புறம் ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே பஸ், ஒரே கோயில் திருவிழா, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் அடுத்த வீட்டில் கருவாடு பொரித்தால் நம் வீட்டுச் சோறே மணக்கும்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். புது ஊருக்குக் குடிபோய் ஆறு மாதத்துக்குள் இருந்தவர்களையும் அதில் விசாரித்திருக்கிறார். முகம் மட்டும் தெரிந்த ஒருவர் சாதாரண சிநேகிதராக மாறவே சுமார் 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டியிருந்ததாம், சிநேகிதர் என்று சொல்லிக்கொள்ள 90, நெருங்கிய சிநேகிதராக 200க்கு மேல். வேலை செய்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த நேரம் அவ்வளவாகக் கணக்கில் சேரவில்லை. தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த 200 மணி நேரம் ஒரு பள்ளி விடுமுறையிலேயே முடிந்துவிடும், அதனால்தான் நமக்கு அது ஒரு வேலையாகவே தெரிவதில்லை.

சரி, உன் விளையாட்டுக்கு வருகிறேன். சிம்ஸை முதலில் உருவாக்கிய வில் ரைட் 1991இல் ஓக்லண்ட் தீவிபத்தில் வீட்டைப் பறிகொடுத்து, ஒவ்வொரு சாமானாக மறுபடி வாங்கி வாழ்க்கையை அமைத்தவர், அந்த அனுபவமும் சேர்ந்துதான் 2000இல் அந்த விளையாட்டாக வந்தது. அதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பசி, தூக்கம், குளியல் மாதிரியே பழகுவதற்கும் ஒரு கோடு இருக்கிறது, நாலு பேரோடு பேசாவிட்டால் அது இறங்கிக்கொண்டே போகும். கோலாலம்பூரில் முதல் மாதம் நீ நேரத்துக்குச் சாப்பிடுவாய், தூங்குவாய், ஆனால் இந்தக் கோடு இறங்குவது உன் கண்ணுக்குத் தெரியாது. அதை ஞாபகப்படுத்தினால் அந்த மூன்று மாதமும் வீண் இல்லை என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்.

ஆனால் ஃப்ரீபிளேயில் அந்த 14 பேருமே நீதான். ஒருத்தி பேசினால் மற்றவள் என்ன நினைப்பாள் என்று நீ பயப்படத் தேவையில்லை, இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்தி விரலால் தட்டினால் போதும், கோடு ஏறிவிடும். எதிரில் இருப்பவளுக்கு வேறு வேலை, வேறு மனசு, வேறு சிநேகிதிகள் இருக்கும் என்பதை அது சொல்லித்தராது. அந்தப் பயிற்சி நேரில்தான்.

நான் செந்தூலில் இருந்தபோது தினமும் ஏழு மணிக்கு ஒரே ஒட்டுக்கடையில் தோசை சாப்பிடுவேன். முதல் இரண்டு வாரம் கடைக்கார அம்மா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரம் நான் கேட்காமலே தேங்காய்ச் சட்னியைத் தள்ளிவிட்டுக் காரச் சட்னியை என் தட்டில் வைத்தார், “உனக்கு இதுதானே பிடிக்கும்?” என்றார். ஒரு மாதம் போல அழாமல் இருந்தவள் அன்றைக்கு அழுதுவிட்டேன். அவர் மகள்தான் இன்றைக்கும் என் நெருங்கிய சிநேகிதி.

அதனால் ஒரே இடம், ஒரே நேரம் என்று ஒன்றைப் பிடித்துக்கொள். கடையோ, வெள்ளிக்கிழமை கோயிலோ, எதுவானாலும் சரி. அலுவலகத்தில் யாராவது “ஜோம் மக்கான்” (வா, சாப்பிடப் போகலாம்) என்று கூப்பிட்டால், கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தாலும் எடுத்துக்கொண்டு கூடவே போ. ஒரு நாளைக்கு அரை மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 50 மணி நேரம் சேர 20 வாரம் ஆகும், ஐந்தாவது மாதம் வரை யாரும் நெருங்கவில்லையே என்று மனசு விட்டுவிடாதே. இன்னொன்று, இதற்கு அம்மா என்னைத் திட்டினாலும் பரவாயில்லை: வெள்ளிக்கிழமை ஆனால் ரயிலேறி வீட்டுக்கு ஓடி வந்துவிடாதே. மாதத்தில் இரண்டு சனி ஞாயிறாவது அங்கேயே இரு. எல்லாரும் ஓய்வாகப் பேசும் நாளில் நீ ஊரில் இல்லாவிட்டால் அந்த மணிக்கணக்கு சேரவே சேராது. விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, சாப்பாட்டு மேசையில் மட்டும் கைப்பேசியைப் பைக்குள் வை.

கேள்வி: ஷா ஆலாமில் வேலை செய்கிறேன் அக்கா. மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தினமும் பார்க்கும் ஒருவரிடம் எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது?
– வாசகர், பாகான் செராய்

பதில்: தம்பி, உங்களுக்கு நிஜமாகவே தெரியாத ஒன்றைக் கேளுங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) எந்தக் கிழமை, மோட்டார் டயர் எங்கே நியாயமான விலைக்கு மாற்றலாம், இப்படி. மறுநாள் போய், “நீங்கள் சொன்ன கடையில்தான் மாத்தினேன்” என்று சொல்லுங்கள். அந்த இரண்டாவது நாள் பேச்சை மட்டும் மறந்துவிடாதீர்கள்.