அப்பாவின் ஃபிலிம் கேமரா போதுமா, இஎம்ஐயில் டிஜிட்டல் வாங்கலாமா?

கேள்வி: வயது 28. சோழிங்கநல்லூரில் வேலை. கையில் வரும் சம்பளம் 46,000 ரூபாய். வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, சாப்பாடு, போக்குவரத்து சேர்த்து 34,000, எஸ்ஐபி 5,000. சேமிப்புக் கணக்கில் 40,000 இருக்கிறது. மிச்சப் பணத்தில், அப்பாவின் பழைய நிக்கான் எஃப்எம்10 கேமராவில் மாதம் இரண்டு கலர் ரோல் எடுக்கிறேன். ரோல் 1,150 ரூபாய். டெவலப், ஸ்கேன் 550. 78,000 ரூபாய் மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராவை 12 மாத 'நோ காஸ்ட்' இஎம்ஐயில் வாங்க ஆசை. "கேமராதான் இருக்கே, எதுக்குத் தண்டச் செலவு?" என்கிறார் அப்பா. நண்பர்களோ வளைகாப்பு, நிச்சயதார்த்தம் எடுத்துக் கொடு, காசு தருகிறோம் என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், வேளச்சேரி

பதில்: அப்பா சொல்வது பாதி சரி. கேமரா சும்மா கிடைத்தது, ஃபிலிம் சும்மா கிடைக்கவில்லை. ரோலுக்கு 1,700 என்றால் ஒரு படத்துக்கு 47 ரூபாய். மாதம் இரண்டு ரோல் வீதம் மூன்று வருடத்தில் 1,22,400 ரூபாய். மிரர்லெஸ்ஸை மூன்று வருடம் கழித்துப் பாதி விலைக்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். மெமரி கார்டு, கூடுதல் பேட்டரி, பேக்கப்புக்கு ஹார்ட் டிஸ்க் என்று 12,000 சேர்த்தாலும் நிகரச் செலவு 51,000. அது 30 ரோல் காசு. நீங்கள் எடுக்கும் வேகத்தில் 15 மாதத்தில் அது கரைந்துவிடும். போதாக்குறைக்கு, ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் 'இந்து' ரோல் தயாரித்த காலம் போய்விட்டது. கோடக் அமெரிக்காவிலிருந்து, இல்ஃபோர்ட் இங்கிலாந்திலிருந்து வருகிறது. டாலர் ஏறினால் உங்கள் பொழுதுபோக்கின் விலையும் ஏறும்.

கணக்கில் டிஜிட்டல் ஜெயிக்கிறது. ஆனாலும் அந்த இஎம்ஐ வேண்டாம். மாதம் மிஞ்சுவது 7,000, தவணை 6,500. ஒரு பல்வலி வந்தாலும் கிரெடிட் கார்டைத்தான் தேய்க்க வேண்டியிருக்கும். 'நோ காஸ்ட்' என்பதும் முழு உண்மையில்லை. வட்டியைத் தள்ளுபடியாகக் காட்டினாலும் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான் விழும். வட்டிப் பகுதி 6,000 என்றால் வரி 1,080. பிராசஸிங் கட்டணம் தனி. மொத்தமாகப் பணம் கொடுப்பவருக்குக் கடைக்காரர் குறைக்கும் விலையும் உங்களுக்குக் கிடைக்காது.

முதலில் அவசர நிதி. மூன்று மாதச் செலவு 1,02,000, இருப்பது 40,000. அந்த 7,000-ஐ இப்படிப் பிரியுங்கள்: அவசர நிதிக்கு 3,300, கேமராவுக்கென்று ஆர்.டி.யில் 2,000, ஃபிலிமுக்கு 1,700. அதாவது மாதம் ஒரே ரோல். இதை வெட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. காசிமேட்டில் விடிகாலை மீன் ஏலத்தின் நடுவே நின்று, 'இதற்கு 47 ரூபாய் தரலாமா' என்று யோசித்து அமுக்குகிற சுகத்தை மெமரி கார்டு தராது. 36-ஐயும் ஒரே காலையில் தீர்க்காதீர்கள், அவ்வளவுதான்.

அந்த 1,700 வீணாகும் இடங்கள் சில. ரோல் மாட்டி மூடியதும், ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெல்லத் திருகித் தொய்வை எடுத்துவிட்டு, லீவரைத் தள்ளுங்கள். குமிழ் கூடவே சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் ஃபிலிம் ஸ்பூலில் பிடிக்கவில்லை. 36-ம் வெறுமையாக வரும், லேப் கட்டணமும் போகும். மலிவாகக் கிடைக்கிறதென்று சினிமா ஃபிலிமை வெட்டிச் சுற்றிய ரோலை வாங்கினால், ரெம்ஜெட் என்ற கறுப்புப் பூச்சு இருக்கிறதா என்று லேபில் முன்கூட்டியே சொல்லுங்கள். சாதாரண கலர் மெஷினில் அது மற்றவர் ரோலையும் கெடுக்கும். ஸ்கேன் வந்ததும் நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள். நாளைக்கு இன்னும் பெரிதாக ஸ்கேன் செய்ய அதுதான் வேண்டும்.

கறுப்பு-வெள்ளையை வீட்டிலேயே கழுவினால் லேப் செலவு கணிசமாகக் குறையும். சென்னையில் சிக்கல் வெப்பம். டி-76 என்ற டெவலப்பர் கரைசலில், இல்ஃபோர்டின் எச்பி5 கறுப்பு-வெள்ளை ஃபிலிமுக்கு 20 டிகிரியில் ஏழரை நிமிடம். மே மாதம் மாடித் தொட்டித் தண்ணீர் 30-ஐத் தாண்டும். சூடு ஏற ஏறக் கழுவும் நேரம் குறையும்; அது ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத்திட்டாக விழும். டெவலப்பர் பாட்டிலை ஐஸ் போட்ட பக்கெட்டில் நிறுத்தி, வெப்பமானி 22, 23 காட்டியதும் அந்த வெப்பநிலைக்கு உரிய நேரத்தை அட்டவணையில் பாருங்கள். இருட்டுப் பைக்குள் ஃபிலிமை ரீலில் ஏற்றும்போது கை வியர்த்தால், ஃபிலிம் ஒட்டிக்கொண்டு நகராது. அந்த ஒரு வேலையை மட்டும் ஏசி அறையில், நன்றாகக் காய்ந்த ரீலில் செய்யுங்கள். போர் தண்ணீர் வெள்ளைத் திட்டு விடும், கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர். 100 அடி ரோல் வாங்கினால் 18 ரோல் சுற்றலாம். விலையை 18-ஆல் வகுத்துப் பார்த்து, பெரிய வித்தியாசம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

விசேஷ ஆர்டர்களை ஃபிலிமில் ஒப்புக்கொள்ளாதீர்கள். மண்டப வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிம் போட்டாலும் ஷட்டர் வேகம் 1/30, 1/15 விநாடி என்று இறங்கும். வளையல் அடுக்குகிற கை ஆடிப்போய்த்தான் பதியும். விசேஷ ஆர்டருக்குத்தான் அந்த ஆர்.டி. பதினைந்து மாதத்தில் 30,000-உம் சொச்சமும் சேரும். அதற்குள் அடங்கும் பழைய நிக்கான் டி7100 அல்லது டி7200 டிஜிட்டல் கேமராவின் பாடி (லென்ஸ் இல்லாமல்) தேடுங்கள். அப்பாவின் லென்ஸ் அதில் மாட்டும், வெளிச்சத்தை அளக்கும் மீட்டரும் வேலை செய்யும்; ஃபோகஸ் மட்டும் கையால்தான். எஃப்எம்10-உடன் வந்த 35–70 மி.மீ. லென்ஸ் என்றால், சென்சார் சிறியது என்பதால் அதில் ஏறக்குறைய 52–105 போலக் காட்சி குறுகிவிடும். இரண்டு கார்டு போடலாம், காசு வாங்கி எடுக்கும்போது அது அவசியம். டி3000, டி5000 வரிசையில் இந்த லென்ஸுக்கு மீட்டர் கிடையாது. புதிதாயிற்றே என்று டி7500-க்கும் போகாதீர்கள், அதிலும் கிடையாது, கார்டும் ஒன்றுதான்.

வாங்கும்முன் ஒரு படம் எடுத்து ஷட்டர் எண்ணிக்கையை, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். நிக்கான் சோதித்த அளவு 1,50,000; லட்சத்தைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். லென்ஸ் துவாரத்தை எஃப்/16-க்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை எடுத்தால் சென்சார் தூசி தெரியும். அது பரவாயில்லை, துடைக்கலாம். கூடவே லென்ஸும் தருகிறேன் என்றால் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல் மாதிரி பூஞ்சை தெரிந்தால் பாடியை மட்டும் விலை பேசுங்கள்.